கலீசியா: எண்களில் எழுதப்பட்ட ஒரு மாகாணம்

யோசப் ரோத் ஜெர்மனில் எழுதினார். புருனோ ஷுல்ஸ் போலிஷ் மொழியில் எழுதினார். எபிரேயத்தில் எழுதிய அக்னோன் 1966இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இவான் ஃபிராங்கோ உக்ரேனிய இலக்கியத்தின் தலைமகன்களுள் ஒருவர். இந்நால்வரையும் நாம் வெவ்வேறு தேசங்களின் இலக்கிய வரலாறுகளில் தனித்தனியே தேடி வாசிக்கிறோம். ஆனால் நால்வரும் பிறந்தது ஒரே பேரரசின் ஒரே மாகாணத்தில். அவர்கள் பிறந்த ஊர்களான புரோடி, த்ரோஹோபிச், புச்சாச், நாகுயேவிச்சி ஆகிய நான்கும் ஒரு நாள் ரயில் பயணத்தொலைவுக்குள் அடங்குபவை. அந்த மாகாணத்தின் பெயர் கலீசியா. ஸ்பெயினின் வடமேற்கில் இருக்கும் கலீசியாவுக்கும் இதற்கும் தொடர்பில்லை. இது ஆஸ்திரிய ஹாப்ஸ்பர்க் பேரரசின் வடகிழக்கு மூலை. இன்று பாதி தெற்குப் போலந்திலும் பாதி மேற்கு உக்ரேனிலுமாகக் கிடக்கிறது. அப்பெயரில் ஒரு நாடு இன்று இல்லை; அது என்றுமே ஒரு நாடாக இருந்ததில்லை என்றும் சொல்லலாம்.

1772இல் ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா ஆகிய மூன்று வல்லரசுகளும் போலந்தை முதன்முறையாகப் பங்கிட்டுக்கொண்டபோது ஆஸ்திரியப் பேரரசி மரியா தெரசாவின் பங்குக்கு வந்த நிலம் இது. கைப்பற்றிய நிலத்திற்கு ஒரு சட்டப்பெயர் வேண்டுமல்லவா? இடைக்காலத்தில் அப்பகுதியில் ஹாலிச், வொலோதிமிர் என்னும் இரு நகரங்களைத் தலைமையாகக் கொண்ட ருஸ் சிற்றரசு ஒன்று இருந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹங்கேரிய மன்னர்கள் தம் பட்டங்களுடன் அதன் பெயரையும் சேர்த்துக்கொண்டார்கள். ஐந்தரை நூற்றாண்டு கழித்து, ஹங்கேரியின் அரசி என்ற உரிமையில் மரியா தெரசா அப்பட்டத்தைத் தூசுதட்டி எடுத்தார். 'கலீசியா - லொடொமேரியா இராச்சியம்' என்று புதிய மாகாணத்திற்குப் பெயர் சூட்டப்பட்டது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. லொடொமேரியா என்ற சொல் பிறந்த வொலோதிமிர் நகரம் ஆஸ்திரியாவின் கைக்கு வரவேயில்லை. 1795இல் அது ரஷ்யாவுக்குப் போயிற்று. ஹங்கேரியின் பெயரால் உரிமை கொண்டாடப்பட்ட நிலம் ஹங்கேரியுடன் சேர்க்கப்படவும் இல்லை. வியன்னாவின் நேரடி ஆட்சியில் வைக்கப்பட்டது.

போலிஷ்காரர்கள் இப்பெயரைச் சும்மா விடவில்லை. 'கோவி' என்றால் அவர்கள் மொழியில் நிர்வாணம்; 'குவூத்' என்றால் பசி. கலீசியா - லொடொமேரியாவை அவர்கள் 'கோலிசியா - குவோதோமேரியா' ஆக்கினார்கள். உடுக்கத் துணியும் உண்ண உணவும் இல்லாத நாடு என்று பொருள். நாம் அறிந்தவரையில், தன் பெயரிலேயே இத்தனை கச்சிதமாகத் தன்னைக் கேலிசெய்துகொண்ட மாகாணம் பிறிதொன்று இல்லை.

ஆஸ்திரியாவுக்குக் கிடைத்த உடனடிச் செல்வம் உப்பு. கிராக்கோவ் நகரத்தை ஒட்டிய வியெலிச்காவின் பழம்பெரும் உப்புச் சுரங்கம் அரசின் ஏகபோகமாயிற்று. மற்றபடி வியன்னாவின் அதிகாரிகளுக்கு இந்நிலம் ஒரு வெற்றுத்தாள். மரியா தெரசாவின் மகன் இரண்டாம் ஜோசப் 1773இல் நேரில் வந்து சுற்றிப்பார்த்தார். பின்னர் அவர் ஆட்சியில் வீடுகளுக்கு எண்கள் இடப்பட்டன, நிலங்கள் அளக்கப்பட்டன, பண்ணையடிமைகளின் உழைப்புக்கு வரம்பு விதிக்கப்பட்டது. 1787இல் யூதர்கள் அனைவரும் ஜெர்மன் குடும்பப்பெயர் ஏற்கவேண்டும் என்ற ஆணை பிறந்தது. லஞ்சம் கொடுத்தவர்களுக்கு ரோஜா, பொன் என்று அழகிய பெயர்களும், கொடுக்க வழியில்லாதவர்களுக்கு இழிபெயர்களும் சூட்டப்பட்டதாகப் பல கதைகள் உலவுகின்றன. அனைத்தையும் நம்பவேண்டியதில்லை. ஆனால் ஒரு மக்கள்திரளின் பெயர்களை அதிகாரிகளின் மேசை தீர்மானித்த செய்தியில் கற்பனை ஏதுமில்லை.

இந்த மாகாணத்தின் சமூகத்தை ஒரே வரியில் சொல்வதென்றால், நிலம் போலிஷ் பிரபுக்களுடையது, ஏர் குடியானவர்களுடையது, கடையும் சாராயக்கடையும் யூதர்களின் குத்தகையில். மேற்கில் குடியானவர்களும் போலிஷ் பேசும் ரோமன் கத்தோலிக்கர்கள். கிழக்கில் அவர்கள் ருதேனியர்கள், அதாவது இன்றைய சொல்லில் உக்ரேனியர்கள். கிரேக்கக் கத்தோலிக்கத் திருச்சபையைச் சேர்ந்தவர்கள். சாராயம் காய்ச்சி விற்கும் உரிமை பிரபுவுக்கு மட்டுமே உண்டு. 'புரோபினாட்சியா' என்ற இவ்வுரிமை நம் அப்காரிக் குத்தகையை நினைவூட்டுவது. ஆனால் குத்தகைப் பணம் அரசுக்கல்ல, பிரபுவின் பெட்டிக்குப் போயிற்று. விளைந்த தானியத்தைச் சந்தைக்கு அனுப்புவதைவிடச் சாராயமாக்கித் தன் குடியானவனிடமே விற்பது பிரபுவுக்கு இலாபம். குடியானவன் கண்ணுக்குத் தெரிந்தவரோ, கடையில் அமர்ந்திருந்த யூதக் குத்தகைக்காரர் மட்டுமே. இழப்பீடு கொடுத்துக் கொடுத்து இவ்வுரிமையை முற்றாக ஒழிக்க 1910 வரை ஆயிற்று.

1846இன் பிப்ரவரியில் போலிஷ் பிரபுக்கள் ஆஸ்திரியாவுக்கு எதிராக ஒரு தேசிய எழுச்சிக்குத் திட்டமிட்டார்கள். குடியானவர்கள் தம் பின்னால் வருவார்கள் என்று நம்பினார்கள். குடியானவர்கள் வந்தார்கள், அரிவாளுடனும் கதிரடிக்கும் கோலுடனும் பிரபுக்களின் மாளிகைகளுக்குள் வந்தார்கள். தார்னோவ் வட்டாரத்தில் யாகுப் ஷேலா என்ற குடியானவரின் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் அச்சில வாரங்களில் சுமார் ஆயிரம் பேர் கொல்லப்பட்டார்கள்; சூறையாடப்பட்ட மாளிகைகள் ஏறத்தாழ ஐந்நூறு. கொல்லப்பட்டவர்களும் கொன்றவர்களும் பேசியது ஒரே போலிஷ் மொழி, வணங்கியது ஒரே தேவாலயத்தில் என்பதை மறக்கலாகாது. அக்குடியானவர்கள் தம்மைப் போலிஷ்காரர்கள் என்று கருதவில்லை. 'பேரரசரின் மக்கள்' என்றார்கள். 'போலிஷ்காரன்' என்ற சொல் அவர்களுக்குப் பிரபுவையே குறித்தது. தேசியம் பற்றிப் பேசும் நம் காலத்து நூல்களில் இவ்வொரு நிகழ்ச்சி உரிய இடத்தைப் பெற்றதாக நமக்குத் தோன்றவில்லை. போலிஷ் இலக்கியமோ இதை நெடுங்காலம் சுமந்தது. 1901இல் அரங்கேறிய விஸ்பியான்ஸ்கியின் 'திருமணம்' நாடகத்தில், ஒரு கவிஞனுக்கும் ஒரு குடியானவப் பெண்ணுக்கும் நடக்கும் மணவிழாவுக்கு இரத்தம் படிந்த ஷேலாவின் ஆவி வந்து நிற்கிறது. லெம்பெர்கில் காவல்துறைத் தலைவரின் மகனாகப் பிறந்த சாஹெர்-மாசோஹ், தன் பெயர் ஒரு மனநோயின் பெயராக மாறுவதற்கு வெகுகாலம் முன்பு, 1858இல் எழுதிய முதல் நாவலுக்கும் 1846தான் களம்.

1848இல் கட்டாய உழைப்பு ஒழிந்தது. நிலம் குடியானவனுக்கு வந்தது. காடும் மேய்ச்சல் தரையும் வரவில்லை. விறகு பொறுக்கவும் மாடு மேய்க்கவும் இருந்த பழைய உரிமைகளுக்காகப் பல்லாயிரம் வழக்குகள் நடந்தன. பெரும்பாலானவற்றில் குடியானவர்கள் தோற்றார்கள். அப்பன் நிலம் பிள்ளைகளுக்குப் பங்கிடப்பட்டு, அது மீண்டும் பங்கிடப்பட்டு, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐந்தில் நான்கு பண்ணைகள் ஐந்து ஹெக்டேருக்கும் குறைவானவை. அவையும் ஒரே துண்டாக இல்லை. ஊரைச் சுற்றிலும் நாடா நாடாகச் சிதறிக்கிடந்தன. இதனிடையே மக்கள்தொகை 1869இல் 54 இலட்சமாக இருந்தது 1910இல் 80 இலட்சமாயிற்று. 78,500 சதுர கிலோமீட்டரில், சொல்லிக்கொள்ளும்படியான ஆலைத்தொழில் இல்லாமல், சதுர கிலோமீட்டருக்கு நூற்றுக்கும் மேற்பட்டோர். 1861இல் லெம்பெர்கை எட்டிய ரயில்பாதை வளம் கொண்டுவரும் என எதிர்பார்த்தார்கள். பொஹீமியாவின் துணியும் வியன்னாவின் இரும்புச் சாமான்களும் மலிவாக வந்து இறங்கின; உள்ளூர் நெசவும் பட்டறையும் நொடித்தன.

இவ்வறுமையை எண்களில் எழுதியவர் ஸ்தனிஸ்வாவ் ஷ்செபனோவ்ஸ்கி. நம் வாசகர்களுக்கு இவர்மேல் தனி ஆர்வம் ஏற்படக் காரணம் உண்டு. 1846இல் பிறந்த இப்பொறியாளர் 1870களில் இலண்டனில், இந்தியாவை ஆண்ட 'இந்தியா ஆபீஸ்' அலுவலகத்தில் பணிபுரிந்தார். ஒரு பேரரசு தன் குடியேற்ற நாட்டின் விளைபொருளையும் வணிகத்தையும் எவ்வாறு அட்டவணைகளுக்குள் கொண்டுவருகிறது என்பதை உள்ளிருந்து கற்றவர். அதே 1870களில், அதே அரசாங்கத்தின் புள்ளிவிவரங்களைக் கொண்டே, இந்தியனின் ஆண்டு வருமானம் சராசரியாக 20 ரூபாய் என்று தாதாபாய் நௌரோஜி கணக்கிட்டுக்கொண்டிருந்தார். இருவரும் சந்தித்தார்களா என்பதல்ல இங்கே கேள்வி. ஒரே காலத்தில், ஒரே வகையான கணக்குகளிலிருந்து, இருவர் இரு நேரெதிர் முடிவுகளுக்குச் சென்றார்கள் என்பதே நம்மை ஈர்ப்பது.

ஊர் திரும்பி எண்ணெய் தோண்டும் தொழிலில் இறங்கிய ஷ்செபனோவ்ஸ்கி 1888இல் 'எண்களில் கலீசியாவின் வறுமை' என்ற நூலை வெளியிட்டார். மற்ற ஐரோப்பிய நாடுகளின் உற்பத்தியோடும் நுகர்வோடும் கலீசியாவை ஒப்பிட்டு அவர் கண்ட முடிவு புகழ்பெற்றது: ஒரு கலீசியன் அரை மனிதனுக்கான உணவை உண்டு, கால் மனிதனுக்கான வேலையைச் செய்கிறான். ஊட்டமின்மையால் ஆண்டுதோறும் ஏறத்தாழ 50,000 பேர் மடிகிறார்கள் என்றும் அவர் கணக்கிட்டார். நூல் பேரதிர்ச்சியை உண்டாக்கிற்று. 'கலீசிய வறுமை' ஒரு பழமொழியாயிற்று.

அவ்வெண்களில் மிகை உண்டு என்று பிற்கால வரலாற்றாசிரியர்கள் ஐயுற்றதுண்டு. நம்முடைய மனக்குறை வேறு. நௌரோஜியின் எண்கள் 'செல்வம் எங்கே போகிறது?' என்று கேட்டன. ஷ்செபனோவ்ஸ்கியின் எண்களோ 'நீ ஏன் உழைப்பதில்லை?' என்று கேட்டன. பசித்தவன் குறைவாக உழைப்பதும், குறைவாக உழைப்பவன் பசித்திருப்பதும் ஒரு சக்கரம் என்பதை அவர் அறிந்திருந்தார். ஆயினும் அச்சக்கரத்தை நிறுத்தத் தொழில்முனைவும் கல்வியும் தன்முயற்சியும் போதும் என நம்பினார். நிலம் யாரிடம் இருக்கிறது என்ற கேள்வி அவருடைய அட்டவணைகளில் பின்னிருக்கைக்குப் போய்விடுகிறது. நல்லெண்ணம் கொண்டவர் என்பதில் ஐயமில்லை; தன் பணத்தையும் கடன் பணத்தையும் எண்ணெய்க் கிணறுகளில் கொட்டினார். 1899இல் லெம்பெர்கின் சேமிப்பு வங்கி ஒன்று முறிந்தபோது அவர் வாங்கியிருந்த கடன்கள் வெளிவந்தன. வழக்கில் விடுதலையானார், ஆனால் மறு ஆண்டே இறந்துபோனார்.

எண்ணெய்! கலீசியாவைப் பற்றி அறியாதோர் வியக்கும் செய்தி இதுவே. கார்பேதியன் மலையடிவாரத்தில் நிலத்தடி எண்ணெய் ஊறிக் கசிந்துகொண்டிருந்தது. குடியானவர்கள் அதை வண்டி அச்சுக்கு மசகாகப் பூசினார்கள். லெம்பெர்கில் ஒரு மருந்துக்கடையில் வேலைபார்த்த இக்னாட்சி வுகாசியேவிச் அதைக் காய்ச்சி வடித்து மண்ணெண்ணெய் எடுத்தார். 1853 ஜூலை 31 அன்று அந்நகரின் மருத்துவமனையில் நடந்த இரவு அறுவைச் சிகிச்சைக்கு அவருடைய விளக்கு ஒளி தந்தது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் டிரேக் எண்ணெய்க் கிணறு துளைப்பதற்கு ஆறாண்டுகள் முன்பு இது. 1909இல் கலீசியா 20 இலட்சம் டன் எண்ணெய் எடுத்தது. அமெரிக்காவுக்கும் ரஷ்யாவுக்கும் அடுத்து உலகில் மூன்றாமிடம்.

அப்படியானால் ஏன் வறுமை? ஆஸ்திரியாவில் பொன்னும் வெள்ளியும் பேரரசருக்கு உரியவை. எண்ணெயோ மேல்நிலத்தின் சொந்தக்காரருக்கு உரியது என 1860களில் முடிவாயிற்று. பிரபுக்கள் நிலத்தைக் குத்தகைக்கு விட்டு இலாபப்பங்கு வாங்கினார்கள். த்ரோஹோபிச்சுக்கு அருகில் இருந்த பொரிஸ்லாவில் சிறுநிலக்காரர்களின் துண்டுகளை வாங்கிய சிறு வணிகர்கள் அவரவர் துண்டில் குழி தோண்டினார்கள். ஆயிரக்கணக்கான குழிகள், ஒன்றை ஒன்று ஒட்டி. கையால் சுற்றும் இராட்டினத்தில் ஓர் ஆளைக் கயிற்றில் கட்டி இறக்குவார்கள். விஷவாயு தாக்கினால் பிணமாக மேலே வருவான். எண்ணெயோடு 'ஓசோகெரைட்' என்னும் மண்மெழுகும் கிடைத்தது; அது மெழுகுவத்திக்கும் பின்னாளில் மின்கம்பி உறைக்கும் போயிற்று. பெரிய துளையிடும் எந்திரங்களையும் பெருமூலதனத்தையும் கனடாக்காரரான மக்கார்வி போன்றவர்கள் பின்னர்க் கொண்டுவந்தார்கள். எண்ணெய் பெருகியதும் விலை விழுந்தது. 1908 கோடையில் துஸ்தனோவிச்சேயில் மின்னல் தாக்கிப் பற்றிக்கொண்ட கிணறு மாதக்கணக்கில் எரிந்தது. எரிவதற்கே மிஞ்சியிருந்தது போலும்.

நாகுயேவிச்சியின் கொல்லர் மகனான ஃபிராங்கோ, பள்ளிப் பருவத்தை த்ரோஹோபிச்சில் கழித்தவர். பொரிஸ்லாவை அருகிருந்து கண்டவர். 1881இல் எழுதத்தொடங்கிய 'பொரிஸ்லாவ் சிரிக்கிறது' நாவலில் குழித்தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்தைப் பேசினார். ஷ்செபனோவ்ஸ்கி எண்களில் காட்டிய மனிதனுக்கு ஃபிராங்கோ முகமும் கோபமும் கொடுத்தார் என்பது நம் துணிபு. ஆனாலும் அவருடைய கதைகளில் யூத முதலாளி, உக்ரேனியத் தொழிலாளி என்று விழும் கோடு மெய்யில் அத்தனை நேரானதல்ல. அக்குழிகளில் இறங்கியும் இராட்டினம் சுற்றியும் உழைத்தவர்களுள் ஏழை யூதர்கள் ஏராளம். பெருநிறுவனங்கள் வந்தபோது முதலில் வேலையிழந்தவர்களும் அவர்களே.

வேலையிழந்தவர்களும் நிலமிழந்தவர்களும் கிளம்பினார்கள். பருவவேலைக்கு ஜெர்மனிக்கு, நிரந்தரமாக அமெரிக்கா, பிரேசில், கனடாவுக்கு. முதல் உலகப்போருக்கு முந்தைய மூன்று பதின்ஆண்டுகளில் பல இலட்சம் பேர். எல்லையோர ரயில் சந்திப்பான ஓஷ்வியென்சிம் கப்பல் முகவர்களின் கூடாரமாயிற்று. குடியானவர்களை மிரட்டியும் ஏமாற்றியும் பயணச்சீட்டு விற்றதாக அம்முகவர்கள்மீது 1889இல் வாதோவித்சேயில் பெரும் வழக்கு நடந்தது. ஒரு கடிகாரத்தைத் தந்திக்கருவி என்று காட்டி, 'அமெரிக்கப் பேரரசர்' இவனை ஏற்றுக்கொள்வாரா என்று அதில் கேட்டுச் சொன்னதாகவும் குற்றச்சாட்டு. ஓஷ்வியென்சிமின் ஜெர்மன் பெயரை நம் வாசகர்கள் அறிவார்கள்: ஆஷ்விட்ஸ்.

வசீல் ஸ்தெஃபானிக் 1900இல் வெளியிட்ட 'கல் சிலுவை' என்ற சிறுகதையையும் இங்கே குறிப்பிடவேண்டும். வாழ்நாளெல்லாம் ஒரு மொட்டைக்குன்றில் மண் சுமந்து போட்டு விளைநிலமாக்கிய கிழவர் இவான், பிள்ளைகளின் வற்புறுத்தலால் கனடாவுக்குப் புறப்படுமுன் அக்குன்றின்மீது தன் பெயரும் மனைவி பெயரும் பொறித்த கல் சிலுவையை நட்டுவிட்டுப் போகிறார். உயிரோடு இருப்பவர் தன் கல்லறையை விட்டுச்செல்கிறார்.

இத்தனை வறுமைக்கிடையிலும் இன்னொரு பக்கம் உண்டு. 1860களுக்குப் பின் மாகாணத்திற்குத் தன்னாட்சி கிடைத்தது. 1869இல் போலிஷ் ஆட்சிமொழியாயிற்று. ரஷ்யாவிலும் பிரஷ்யாவிலும் ஒடுக்கப்பட்ட போலிஷ் பல்கலைக்கழக வாழ்வு கிராக்கோவிலும் லெம்பெர்கிலும் தழைத்தது. ரஷ்யப் பேரரசில் 1876 ஆணை உக்ரேனிய நூல்களை அச்சிடத் தடைவிதித்தபோது, கீவின் எழுத்தாளர்கள் கையெழுத்துப்படிகளை லெம்பெர்குக்கு அனுப்பினார்கள். 1894இல் வரலாற்றாசிரியர் ஹ்ருஷெவ்ஸ்கி அங்கே பேராசிரியர் பொறுப்பேற்றார். ஐரோப்பாவின் மிக ஏழ்மையான மூலைகளில் ஒன்றே இரு தேசியங்களின் அச்சுக்கூடமாக இருந்தது. ஆனால் ஓர் அறையில் இருவர் விழித்தெழுந்தால் கட்டில் யாருடையது என்ற சண்டை வரும். 1908 ஏப்ரலில் மாகாண ஆளுநர் பொத்தோத்ஸ்கியை ஓர் உக்ரேனிய மாணவர் சுட்டுக்கொன்றார்.

சண்டையின் ஆயுதம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. 1880 முதல் ஆஸ்திரிய அரசு ஒவ்வொருவரிடமும் புழங்கும் மொழி எது என்று கேட்டது. 1910இன் விடைகள்: போலிஷ் 58.6 விழுக்காடு, ருதேனியம் 40.2, ஜெர்மன் 1.1. அதே ஆண்டின் சமயக் கணக்கு: ரோமன் கத்தோலிக்கர் 46.5, கிரேக்கக் கத்தோலிக்கர் 42.1, யூதர் 10.9. இரு வரிகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துப் பார்த்தால் மொழிக் கணக்கில் ஒன்று மறைந்திருப்பது புலப்படும். எட்டு இலட்சத்து எழுபதாயிரம் யூதர்களின் வீட்டுமொழியான யித்திஷ் அங்கே இல்லை. யித்திஷ் ஒரு மொழியே அல்ல, கொச்சை என்று அரசு கொண்டிருந்தது. பட்டியலில் அதற்கு இடமில்லை. ஆகவே அவர்களில் பெரும்பாலோர் போலிஷ் பேசுவோராக எழுதப்பட்டார்கள், போலிஷ் பெரும்பான்மையும் உறுதிப்பட்டது. 1910இல் யூதத் தேசியர்கள் 'யித்திஷ் என்றே எழுதுங்கள்' என்று இயக்கம் நடத்தினார்கள். எழுதியவர்களுள் பலருக்கு அபராதம் விதிக்கப்பட்டது. தாய்மொழியைச் சொன்னதற்குத் தண்டம். ஷ்செபனோவ்ஸ்கியின் எண்கள் தவறாகப் புரிந்துகொண்ட மனிதனையாவது பார்த்தன. இவ்வெண்கள் மனிதனையே பார்க்கவில்லை.

பிறகு நடந்தவற்றை விரைந்து சொல்லிவிடலாம். சொல்ல மனம் வருவதில்லை என்பதும் ஒரு காரணம். 1914இல் போர்முனை இங்கேதான் அமைந்தது. குரோதெக் போர்க்களத்தில் மருந்தாளராகப் பணியாற்றிய கவிஞர் கியோர்க் திராக்ல் அந்நவம்பரில் கிராக்கோவ் இராணுவ மருத்துவமனையில் இறந்தார். 1918இல் பேரரசு சிதறியதும் லெம்பெர்கில் போலிஷ்காரர்களும் உக்ரேனியர்களும் தெருத்தெருவாகப் போரிட்டார்கள். வென்ற போலிஷ் தரப்பினர் யூதர் குடியிருப்பைச் சூறையாடினார்கள். மாகாணம் போலந்திடம் போனது. 1939இல் கிழக்குப்பகுதி சோவியத்துக்கு. 1941இல் ஜெர்மானியர்கள் வந்து 'கலீசியா' என்ற பழம்பெயரை ஒரு நிர்வாக மாவட்டத்திற்குச் சூட்டினார்கள்; அப்பெயர் வரைபடத்தில் கடைசியாக இடம்பெற்றது அப்போதுதான். அம்மாவட்டத்தின் யூதர்களில் மிகப்பெரும்பாலோர் கொல்லப்பட்டார்கள். 1942 நவம்பர் 19 அன்று புருனோ ஷுல்ஸ் த்ரோஹோபிச் தெருவொன்றில் சுடப்பட்டார். 1944 முதல் 1946 வரை போலிஷ்காரர்கள் மேற்கேயும், எல்லைக்கு அப்பால் மாட்டிக்கொண்ட உக்ரேனியர்கள் கிழக்கேயும் அனுப்பப்பட்டார்கள். 1910இன் அட்டவணையில் இருந்த ஒவ்வொரு விழுக்காடும் இவ்வாறு தனித்தனியே பிரித்தெடுக்கப்பட்டது.

பழைய மாகாணத்தை ஊடறுத்து இப்போது ஓர் எல்லைக்கோடு செல்கிறது. போலந்துப் பக்கத்தில் அதன் முதல் பெரிய நிலையம் பிஷெமிஷெல். கிராக்கோவிலிருந்து லெம்பெர்கை நோக்கிப் போடப்பட்ட ஹாப்ஸ்பர்க் ரயில்பாதை 1860இல் இவ்வூரை எட்டியது. லெம்பெர்க் இப்போது உக்ரேனின் லிவிவ். அங்கிருந்து வரும் வண்டிகள் சோவியத் காலத்து அகலப்பாதையில் ஓடிவந்து, இந்நிலையத்தின் தனி நடைமேடையில் நின்றுவிடும். அதற்குமேல் தண்டவாளத்தின் அகலம் வேறு. 2022 பிப்ரவரி இறுதியில் அந்நடைமேடையில் ஒவ்வொரு நாளும் ஆயிரக்கணக்கான உக்ரேனியப் பெண்களும் குழந்தைகளும் வந்து இறங்கினார்கள். நிலையத்துக் கூடத்தில் பெயரும் போகுமிடமும் கேட்டு எழுதிக்கொண்டிருந்தார்கள்.